நாலுக்கு ஒன்று: கண்டிச் சரிவில் ஒரு வீட்டுக் கணக்கு

10 பேர்ச் காணி. சரிவு நாலுக்கு ஒன்று. ஐந்து பேர்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அம்மம்மா. வேண்டிய வீடு 1,200 சதுர அடி. கட்டுகஸ்தோட்டையிலோ அம்பிட்டியவிலோ லேவெல்லவிலோ காணி தேடும் எந்தக் குடும்பத்துக்கும் ஏறத்தாழப் பொருந்தும் எண்கள் இவை. இந்தக் கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே 10 பேர்ச் 2,722 சதுர அடி. குடியிருப்புக் காணியில் 65 வீதத்துக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது என்பது வழக்கமான விதி. அப்படியானால் 1,770 சதுர அடி வரை நிலத்தை மூடலாம். நமக்கு வேண்டியது 1,200தான், அதாவது 44 வீதம். காகிதத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. சிக்கல் காகிதம் மட்டமாக இருப்பதில்தான்.

நாலுக்கு ஒன்று என்றால் 4 அடி நடந்தால் 1 அடி இறக்கம். பாகையில் சொன்னால் 14. கண்டிக்கு இது சாதுவான சரிவு. வீட்டை 40 அடி அகலம், 30 அடி ஆழம் என்று வைத்தால், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் ஏழரை அடி உயர வித்தியாசம் வந்துவிடும். பெரும்பாலானோர் இங்கே செய்வது ஒன்றே: பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிட்டு மலையை மட்டமாக வெட்டிவிடுவது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பி, அதன்மேல் பாதி வீட்டை எழுப்புகிறவர்களும் உண்டு. கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் இறங்கும். சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு விழுவது அப்படித்தான். அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். முழுதும் வெட்டுவதாகவே எடுத்துக்கொள்வோம்.

30 அடி ஆழம், ஏழரை அடி உயரம், முக்கோண வெட்டு, 40 அடி நீளம்: 4,500 கன அடி மண். நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு கியூப். ஆகவே 45 கியூப். வெட்டிய மண் கால் பங்காவது பொருமும். ஏற்றும்போது அது 56 கியூப். ஒடுக்கமான பாதைக்கு வரக்கூடிய சின்ன டிப்பர் 2 கியூப் ஏற்றினால் 28 நடை. அந்த மண்ணைக் கொட்ட இடம் தேடுவது தனிச் செலவு.

இனி அதே வீட்டை இரண்டு தட்டாகப் பிரியுங்கள். மேலே 15 அடி, கீழே 15 அடி, நடுவில் மூன்றே முக்கால் அடி இறக்கம். வெட்டும் மண் 22.5 கியூப், சரியாகப் பாதி. டிப்பர் 14 நடை. மண்ணைத் தாங்கும் கருங்கல் மதிலைப் பாருங்கள். ஏழரை அடி உயர மதிலுக்கு மேலே ஒன்றரை அடி, அடியில் 4 அடி கனம் என்று வைத்தால், அத்திவாரம் சேராமல் 8.25 கியூப் கட்டுவேலை. மூன்றே முக்கால் அடி மதில் இரண்டுக்கு, மேலே ஒன்றேகால், அடியில் 2 அடி என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து 4.9 கியூப்.

கல்லில் மிச்சமாவதை விடப் பெரியது அச்சத்தில் மிச்சமாவது. மண் மதிலைத் தள்ளும் விசை உயரத்தின் இருமடிக்கு ஏறும். மதிலைக் குப்புறப் புரட்டும் திருப்பம் மும்மடிக்கு ஏறும். உயரம் பாதியானால் தள்ளல் நாலில் ஒன்று, புரட்டல் எட்டில் ஒன்று. மழைக்காலத்தில் மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், ஏழரை அடி உயரத்தில் அந்தத் தண்ணீர் மட்டுமே ஒரு அடி நீளத்துக்கு 796 கிலோ தள்ளும். 40 அடிக்கு 31 டன்னுக்கு மேல். சின்ன மதில் ஒன்றில் அது 8 டன். இதற்குப் பரிகாரம் 3 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள், 5 அடிக்கு ஒன்று, பின்னால் ஒரு பட்டை சல்லி. வீட்டுக் கணக்கில் இதைவிட மலிவான வரி வேறில்லை. பாஸ்மார் மறந்துவிடும் வரியும் இதுதான். மதில் கட்டும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டு தட்டுக்கு நாம் கொடுக்கும் விலை ஏழு படி. 45 அங்குலத்தை ஏழாகப் பிரித்தால் ஒரு படி ஆறரை அங்குலத்துக்கும் குறைவு, முழங்கால் நோகாது. மூன்றரை அடி அகலத்தில் போட்டால் பிடிக்கும் இடம் 18 சதுர அடிக்குள் அடங்கும்.

இந்த யோசனை கண்டிக்குப் புதிதில்லை. 1918இல் பிறந்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா. இலங்கைக்குத் திரும்பிக் கண்டியில் அலுவலகம் போட்டு அவர் செய்த முதல் வேலை கருணாரத்ன வீடு; 1951இல் முடிந்தது. செங்குத்தான சரிவு. அவர் மலையை மட்டமாக்காமல் வீட்டைத் தட்டுத் தட்டாக இறக்கினார். தும்பறைப் பாய் நெசவு, சுட்ட களிமண் ஓட்டில் கைவேலை, சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம் என்று அந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அலங்காரத்தையே அதிகம் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அதன் வெட்டுமுகமே பெரிய சாதனை.

அதைவிட நமக்கு உதவுவது அவருடைய வட்டபுலுவ குடியிருப்புத் திட்டம். 1950களின் நடுவில் தொடங்கியது. அரசாங்க ஊழியர்களுக்காக ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். மினெட் வரைபடத்தை முதலில் போடவில்லை. கேள்விக்கொத்தை முதலில் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், எப்படிப் புழங்குகிறீர்கள், எது இல்லாமல் முடியாது என்று குடும்பங்களிடமே கேட்டு, பதில்களிலிருந்து சில வீட்டு வகைகளை உருவாக்கினார். காணியின் சரிவையும் நின்ற மரங்களையும் கூடியவரை அப்படியே விட்டார். 250 குடும்பத்தைக் கேட்டுச் செய்ய முடிந்த வேலையை, ஒரே குடும்பத்துக்குக் கட்டும்போது நாம் செய்வதில்லை. மச்சான் வீட்டுப் படத்தை வாங்கி ஜன்னலை மட்டும் மாற்றுகிறோம்.

நம் ஐந்து பேரையும் கேட்டால் இப்படி ஒரு கணக்கு வரும், சதுர அடியில்:

மேல் தட்டு, வீதி மட்டத்தில்:
ஹோலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாக, 12 × 20: 240
குசினி, 8 × 10: 80
பின்குசினி, 6 × 8: 48
அம்மம்மாவின் அறை, 10 × 10: 100
டொய்லெட், 5 × 8: 40
சாமித்தட்டு, 3 × 4: 12

கீழ்த் தட்டு:
படுக்கையறை, 11 × 12: 132
பிள்ளைகளின் அறை, 10 × 11: 110
படிக்கும் இடம், 6 × 10: 60
டொய்லெட், 5 × 8: 40
பொருளறை, 5 × 6: 30
பள்ளத்தாக்கைப் பார்த்த விறாந்தை, 6 × 12: 72

கூட்டினால் 964. மீதி 236 சதுர அடி சுவருக்கும் நடைவழிக்கும் படிக்கும். வீட்டில் ஐந்தில் ஒரு பங்கில் யாரும் இருக்கப் போவதில்லை. கணக்குக்காகச் சதுர அடிக்கு 10,000 ரூபா என்று வைத்தால், மொத்த வீடு 1 கோடியே 20 இலட்சம். அந்த ஐந்தில் ஒன்று 23 இலட்சத்து 60 ஆயிரம். 3 அடி அகலத்தில் 20 அடி நடைவழி ஒன்றை வரைபடத்திலேயே அழித்துவிட்டால் 6 இலட்சம் மிச்சம். டைல்ஸ் கடையில் ஒரு நாள் முழுக்கப் பேரம் பேசினாலும் அந்தத் தொகை வராது.

பின்குசினி என்று 48 சதுர அடியைக் கண்டதும் வெட்டச் சொல்வார்கள். வெட்டவேண்டாம். தேங்காய் துருவுவது, மீன் வெட்டுவது, பானை கழுவுவது, ஈரத்துணியைத் தற்காலிகமாகப் போடுவது எல்லாம் அங்கே. அது இல்லாத வீட்டில் பளிங்குபோல் வைத்த குசினி ஆறு மாதத்தில் பின்குசினியாகிவிடும். அம்மம்மாவின் அறை ஏன் மேல் தட்டில் என்பதைச் சொல்லவேண்டியதில்லை: வாசல், டொய்லெட், சாமித்தட்டு, சாப்பாடு எதற்கும் ஒரு படிகூட இல்லை. வாஸ்து பார்ப்பவர் வடகிழக்கு மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பார். காணியின் தாழ்ந்த பக்கம் எதுவென்று மலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அவரோடு அளவாகப் பேசிக்கொள்ளலாம்.

அலுமாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணோடு ஒட்டிய சுவரில் உடுப்பு அலுமாரி வைத்தால் சேலையில் பூஞ்சணம் நிச்சயம். வீட்டுச் சுவரையே மண் தாங்கும் மதிலாக ஆக்காமல், இடையில் 3 அடி விட்டு ஒரு கானை ஓடவிடுங்கள். 40 அடிக்கு 120 சதுர அடி, அரைப் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. கட்டுமானச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வெயில் ஒரு மணி நேரமாவது சுவரைத் தொடும்.

கூரையையும் கணக்கில் எடுக்கவேண்டும். கண்டி நகரில் ஆண்டுக்கு 1,800 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை. 1,200 சதுர அடி என்பது 111.5 சதுர மீற்றர். ஆகவே நம் கூரையில் மட்டும் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் லீற்றர். ஐந்தில் ஒன்று சிந்தி வீணானாலும் நாளுக்குச் சராசரி 440 லீற்றர் பிடிக்கலாம். தோட்டத்துக்கும் டொய்லெட்டுக்கும் தாராளம். 9 மில்லிமீற்றர் மழையிலேயே 1,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 11,000 லீற்றருக்கு மேல். பீலியிலிருந்து அதைக் கீழ் வீட்டுக்காரரின் மதிலுக்கு மேல் விடுவது கண்டியில் பழைய சண்டை. கானில் இறக்கி வீதி வடிகாலுக்குக் கொண்டுபோகும் குழாயையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் இந்த மாவட்டத்தில் எத்தனை சரிவுகள் கரைந்து இறங்கின என்பதைப் பார்த்தவர்களுக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை ஏன் கேட்கப்படுகிறது என்று விளக்கத் தேவையில்லை. காணிக்கு முற்பணம் கொடுக்குமுன் அதைக் கேட்பதுதான் முறை. பெரும்பாலும் உறுதி எழுதிய பிறகே கேட்கிறார்கள்.

வீதிக்குக் கீழே கிடக்கும் காணி மலிவு. எவ்வளவு மலிவு? கொங்கிரீட் தட்டுப் போட்ட வீட்டுக்குப் பாஸ்மார் கையாளும் பரும்படிக் கணக்குப்படி 1,200 சதுர அடிக்குச் சீமெந்து 480 பை, மணல் 21 கியூப், சல்லி 16 கியூப், கம்பி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. எடையில் எல்லாம் சேர்ந்து 190 டன்னைத் தாண்டும். கல்லும் மரமும் இதில் இல்லை. லொறி வீதியில் நின்றுவிட்டால், மணலும் சல்லியும் மட்டும் 25 கிலோ சுமையாக 6,600 தடவைக்கு மேல் படியிறங்க வேண்டும். கட்டி முடிந்த பிறகும் அது ஓயாது. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் வெற்று எடையோடு இருமடங்காகும். 40 படி என்றால் 23 அடி ஆழம். ஒவ்வொரு சிலிண்டரும், ஒவ்வொரு அரிசி மூட்டையும், ஒரு நாள் அம்மம்மாவும் அந்த 23 அடியை ஏறி இறங்க வேண்டும். பேர்ச் விலையில் குறைந்த பணத்தை இந்த வரிக்கு எதிரே எழுதிப் பார்த்தால், அநேகமாக வீதியோரக் காணியே வெல்லும்.

விலையேற்றம் பற்றி நீட்ட வேண்டாம். 2021 தொடக்கத்தில் 50 கிலோ சீமெந்துப் பை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. 480 பைக்கு வித்தியாசம் 9 இலட்சத்து 60 ஆயிரம். அந்த ஆண்டு பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் பல.

இந்த ஊரிலேயே கேள்வி கேட்காமல் திட்டமிட்ட வீடுகளும் உண்டு. ஹந்தானை மலையில் ஏறினால் இன்னும் லயங்கள் நிற்கின்றன. ஒரு காம்பரா 10 × 12, அதாவது 120 சதுர அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதற்கு மாற்றாக மலையகத்துக்கு வந்தது 7 பேர்ச்சும் 550 சதுர அடியும். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வுட்டில் பேசிய நரேந்திர மோடி மேலும் 10,000 என்றார். அந்தக் கட்டத்தின் வேலை 2024இல்தான் தொடங்கியது. வீடொன்றுக்கு இந்தியா கொடுப்பது 28 இலட்சம் இலங்கை ரூபா. சதுர அடிக்கு 5,090 ரூபா அளவில். இரண்டு படுக்கையறை, ஹோல், குசினி, டொய்லெட். காம்பராவோடு ஒப்பிட்டால் நாலரை மடங்கு இடம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எங்கும் ஒரே படம் என்பதுதான் குறை. 7 பேர்ச் 1,906 சதுர அடி. வீடு போக 1,356 மிஞ்சும். ஆனால் அந்த மிச்சம் சரிவில் எந்தப் பக்கம் கிடக்கிறது, அங்கே ஒரு அறை இறக்க முடியுமா என்பதைப் படம் கேட்பதில்லை.

குடும்பங்கள் முதலில் சேர்ப்பது விறகடுப்புக்கு ஒரு பின்குசினி. தகரத்தை இறக்கிப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். அதையே 8 × 10 அளவில் வீட்டோடு சேர்த்து முறையாகக் கட்டியிருந்தால், திட்டத்தின் அதே விலையில் 4 இலட்சத்து 7 ஆயிரம் ரூபா கூடியிருக்கும்.