திருத்துவது சுலபம், உள்ளே போவதுதான் கஷ்டம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்ன கான்ஃபிகரேஷன் ஃபைலை அனுப்பியது. கொஞ்ச நேரத்தில் விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி என்று உலகம் முழுக்கத் திரைகள் நீலமாகி நின்றன. இந்தியாவில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

10.57-க்குள் நிறுவனம் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டது. மொத்தம் 78 நிமிடம். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் பலவற்றை மீட்கப் பல நாட்கள் பிடித்தன.

காரணம், பிழை உட்கார்ந்திருந்த இடம். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே விழுந்துவிடுவதால், இணையத்தில் சேர்ந்து சரியான ஃபைலை வாங்கிக்கொள்ள அதற்கு நேரமே கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ‘சி-00000291’ என்று பெயர் தொடங்கும் ஃபைலை அழிக்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஆனால் ஆயிரம் கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்தில் ஆயிரம் முறை செய்தாக வேண்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் ஒவ்வொன்றுக்கும் தேடி எடுத்துத் தட்ட வேண்டும்.

ஒரு மென்பொருள் எந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும், எந்த முகவரியில் பேச வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவைப்பது கான்ஃபிகரேஷன் ஃபைல். லினக்ஸில் இது பெரும்பாலும் சாதாரண எழுத்து ஃபைல்தான். டிஸ்க்குகளின் பட்டியலான ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலில் ஒரு எழுத்து மாறினால் போதும். அடுத்த முறை பூட் ஆகும்போது சர்வர் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையோடு ‘எமர்ஜென்சி மோடு’க்குப் போய்விடும். அங்கே டிஸ்க் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் இருந்தால், முதலில் எழுதும் அனுமதியை வாங்க வேண்டும். பிறகுதான் அந்த வரியைத் திருத்த முடியும். பாஸ்வேர்டு கைகொடுக்காவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து பூட் செய்து உள்ளே போக வேண்டியதுதான்.

‘சூடோயர்ஸ்’ ஃபைல் இன்னும் சிக்கல். நிர்வாகி அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் ஃபைல் அது. அதில் எழுத்துப்பிழை வந்தால், பிழையைத் திருத்தத் தேவையான அதிகாரமே கிடைக்காமல் போகலாம். அதனால் அதை ‘விசூடோ’ என்ற கருவி வழியாகத்தான் திறக்கச் சொல்வார்கள். அது நகலில் எழுதவிட்டு, சரிபார்த்து, பிழை இருந்தால் ‘இனி என்ன?’ என்று கேட்கும். மீண்டும் திருத்தலாம், அல்லது பழையபடியே விட்டுவிட்டு வெளியேறலாம்.

ஆனால் சரிபார்க்கும் கருவியும் மென்பொருள்தானே. க்ரவுட்ஸ்ட்ரைக்கின் புது ஃபைல் 21-வது தகவல் ஒன்றைக் கேட்டது; கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் கொடுத்ததோ 20 தான். இல்லாததைப் படிக்கப் போய் எல்லாம் விழுந்தது. அந்த ஃபைலைப் பரிசோதித்த கருவி ‘சரி’ என்றே சொல்லியிருந்தது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கிலும் இதே கதை. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலைப்பின்னலையே அறுத்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியில் ஒரு பிழை இருந்தது. பழுதைக் கண்டுபிடிக்கும் உள் கருவிகளும் அதே வலைப்பின்னலை நம்பியிருந்ததால், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட நிலைமை. என்ஜினீயர்கள் நேரில் போனார்கள்; வெளியாட்கள் நுழையாதிருக்கச் செய்த காவல் ஏற்பாடுகளே அவர்களையும் தாமதப்படுத்தின. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. இணைப்பு வந்த பிறகும் எல்லாவற்றையும் ஒரே அடியாகப் போடவில்லை. மின்சாரப் பயன்பாடு திடீரென எகிறி வேறு சேதம் வருமோ என்ற பயம்.

தொலைவிலுள்ள ரவுட்டர்களைக் கையாள்பவர்கள், இப்படிக் கதவுக்கு வெளியே மாட்டிக்கொள்ளாதிருக்க வெகுநாளாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜூனிப்பர் ரவுட்டரில் ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாக அமல்படுத்தலாம். 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால், ரவுட்டர் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மாற்றியவருக்கே இணைப்பு அறுந்துபோயிருந்தால் அவரால் உறுதி செய்ய முடியாது. அந்த மௌனத்தையே ரவுட்டர் பதிலாக எடுத்துக்கொள்கிறது. சிஸ்கோ ரவுட்டரில் அனுபவஸ்தர்கள், 10 நிமிடம் கழித்து ரீபூட் ஆகும்படி முதலிலேயே சொல்லிவைத்துவிட்டு மாற்றத்தில் கை வைப்பார்கள். நல்லபடி முடிந்தால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டு, பிறகு சேமிப்பார்கள். உபுண்டு லினக்ஸிலும் நெட்வொர்க் மாற்றங்களுக்கு 120 விநாடிக் கெடுவோடு இதே வசதி உண்டு.

2024 ஜூலைச் சம்பவத்துக்குப் பிறகு க்ரவுட்ஸ்ட்ரைக் இத்தகைய ஃபைல்களை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் கட்டம் கட்டமாக அனுப்பத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு நவம்பரில் விண்டோஸ் 11-க்கு ஒரு புது மீட்பு வசதியை அறிவித்தது. பூட் ஆக முடியாமல் திரும்பத் திரும்ப விழும் கம்ப்யூட்டர், மீட்புத் திரையிலிருந்தபடியே இணையத்தில் சேர்ந்து, தனக்கான திருத்தத்தைத் தானே இறக்கிக்கொள்ளும்.