கணிப்பொறி விசிறியின் இரைச்சலைக் குறைத்தல்

காற்றை அளவோடு ஆள வேண்டும் என்பதை ராதாபுரம் வட்டாரத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் மாதங்களில், நம் நிலங்களுக்கிடையே நிற்கும் காற்றாலைகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. காற்று மிதமாக வீசுங்கால் அவற்றின் இறக்கைகள் அதனை முழுதும் ஏற்கும்; காற்று வலுத்தால் இறக்கைகள் சற்றே திரும்பி மிகுதியை விட்டுவிடும்; நொடிக்கு 25 மீட்டர் என்னும் அளவை மிஞ்சினால் பல காற்றாலைகள் தாமே நின்றுவிடும். தேவைக்கேற்ப வேகத்தை ஆள்வதே இதிலுள்ள சூட்சுமம். இதே சூட்சுமம் நம் சங்க அலுவலகத்தில் இரைந்து கொண்டிருக்கும் கணிப்பொறி விசிறிக்கும் பொருந்தும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏற்றது. நெசவுத் தொழிலிலும் ஜக்கார்டு வடிவங்களைக் கணிப்பொறியில் வரையும் முறை நிலைபெற்றுவிட்டது. ஆகவே விவசாயியாயினும் நெசவாளியாயினும், சங்கத்து அங்கத்தினர் எவருக்கும் இந்த யந்திரம் இன்று அயலானதன்று.

யந்திரம் வந்த இடத்தில் இரைச்சலும் வந்துவிடுகிறது. சிறிய அறை, வெறுஞ் சுவர், வலுவான விசிறிகள் மூன்று நான்கு எனில், மேஜைக்கு அப்பாலிருந்து பேசுவது காதில் விழாது. கடன் தவணை, வட்டி, பாக்கி ஆகியவற்றை எழுத்தர் வாசித்துச் சொல்ல, எதிரே நிற்கும் முதியவர் செவியில் அது சரியாக விழாமற்போனால், கேளாத தொகைக்கு அவர் கையொப்பமிட நேரும். இது சௌகரியக் குறைவு மட்டுமன்று. அங்கத்தினரின் உரிமையைத் தொடும் விஷயமுமாகும். இரைச்சல் பொறாது விசிறியின் கம்பியைக் கழற்றிவிடுவதோ அதைவிடக் கேடு. சூடேறிய யந்திரம் கடன் வழங்கும் பருவத்தில் நின்றுபோனால், சங்கத்தின் வேலை முழுவதும் நின்றுபோகும். எனவே காற்றும் குறையாமல் இரைச்சலும் மிகாமல் நடுவழி காண வேண்டும். அந்த வழியைத் தருவதே விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவி.

விசிறி ஏன் இரைகிறது?

கணிப்பொறியின் உள்ளே பிராசஸர் என்னும் சில்லு வேலை செய்யுங்கால் வெப்பம் பிறக்கிறது. சில்லின் மேலுள்ள உலோகத் தகடுகள் அவ்வெப்பத்தை ஏற்க, விசிறி அதனை வெளியேற்றுகிறது. அறையில் உள்ள காற்றே குளிர்விக்கும் காற்றாதலால், சில்லு எப்பொழுதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். மார்கழியில் அறை 28 டிகிரி சென்டிகிரேடும் சில்லு 65 டிகிரியும் இருந்தால், அதே வேலையைச் சித்திரை வெயிலில், அறை 40 டிகிரியாக இருக்கும்போது செய்யும் சில்லு ஏறத்தாழ 77 டிகிரியை எட்டும். பெரும்பாலான சில்லுகள் 90 முதல் 100 டிகிரி வரையில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்ளும். அதற்கும் மேற்பட்டால் யந்திரம் அணைந்துவிடும்.

சர்வர் எனப்படும் பெரிய யந்திரங்களில் 40 மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு விசிறிகள் நிமிஷத்திற்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடுவதுண்டு. ஆட்கள் அமராத தனியறைக்கென அமைந்தவை அவை. அவற்றை அலுவலக அறையிலேயே வைத்துவிட்டால் சீழ்க்கை போன்ற ஒலி ஓயாது. பெரிய விசிறி மெல்லச் சுழன்று தரும் காற்றை, சிறிய விசிறி மிக விரைந்து சுழன்றே தர முடியும். இரைச்சலின் மூலம் இதுவே.

வேகமும் இரைச்சலும்

விசிறியின் வேகத்தைச் சற்றே குறைத்தாலும் இரைச்சல் வெகுவாகக் குறையும். இது பொறியியலார் நன்கறிந்த விதி. வேகம் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் காற்றின் அளவு குறையும். காற்றின் அழுத்தம் அவ்விகிதத்தின் இருமடியாகவும், மின்சாரச் செலவு மும்மடியாகவும் குறையும். இரைச்சலோ இன்னும் விரைவாக விழும்.

வேகத்தை நூற்றுக்கு எண்பதாக்கினால் காற்று எண்பது பங்கு கிடைக்கிறது. மின்செலவு 51 பங்காகிவிடுகிறது. இரைச்சல் சுமார் 5 டெசிபல் குறைகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது. மின்செலவு எட்டில் ஒரு பங்காகிறது. இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்குகிறது. 10 டெசிபல் இறக்கமே செவிக்குப் பாதி ஒலியாகத் தோன்றும் என்பதை நினைத்தால், இதன் பயன் நன்கு விளங்கும்.

சிக்கனத்திற்கும் ஒரு கணக்குப் போடலாம். 24 வாட் விசிறிகள் மூன்று நாளொன்றுக்கு 10 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால், 25 வேலை நாட்களில் 18 யூனிட் செலவாகும். எண்பது பங்கு வேகத்தில் ஏறத்தாழ 9 யூனிட்டே போதும். மிச்சம் பெரிதன்று, ஆயினும் அமைதியோடு கூட வரும் மிச்சம் அது.

கட்டுப்பாட்டின் இரு முறைகள்

கூரை விசிறியின் ரெகுலேட்டரை அறியாதார் இல்லை. அதன் தம்பியே இக்கருவி எனலாம். ஆனால் கூரை விசிறியின் ரெகுலேட்டரைக் கணிப்பொறி விசிறிக்கு ஒருபோதும் இணைக்கலாகாது. அது 230 வோல்ட் மாறுமின்சாரத்திற்கு உரியது. இதுவோ 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது.

முதலாவது முறை, மின்னழுத்தத்தைக் குறைத்தல். மூன்று கம்பி உள்ள விசிறிகளுக்கு இது பொருந்தும். இரு கம்பிகள் மின்சாரம் தருபவை. மூன்றாவது, சுற்று ஒன்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் வேகத்தைத் தெரிவிப்பது. 12 வோல்ட்டை 7 வோல்ட்டாக இறக்கினால் விசிறி மெல்ல ஓடும். எளிய வகைக் கருவிகள் மிஞ்சிய 5 வோல்ட்டையும் வெப்பமாகவே கழிக்கும். ஓர் ஆம்பியர் ஓடினால், கருவியே 5 வாட் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். பழைய கூரை விசிறி ரெகுலேட்டர் கைசுடுவது இக்காரணத்தினாலேயே.

இரண்டாவது முறை, துடிப்பு முறை. நான்கு கம்பி உள்ள விசிறிகளுக்கு இது உரியது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் ராதாபுரம் கால்வாய் வழியே வந்து 52 குளங்களை நிரப்புவதை நாம் அறிவோம். மடைப் பலகையைப் பாதியளவு தூக்கி வைத்தும் நீரைக் குறைக்கலாம். முழுதும் தூக்குவதும் முழுதும் இறக்குவதுமாக மாற்றி மாற்றிச் செய்தும் குறைக்கலாம். முன்னது மின்னழுத்த முறை. பின்னது துடிப்பு முறை. இங்கே திறப்பும் அடைப்பும் நொடிக்கு 25,000 தடவை நடைபெறுகின்றன. திறந்திருக்கும் நேரம் பாதியானால் விசிறியின் வேகமும் அதற்கேற்பக் குறைகிறது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாதாதலால், இத்துடிப்பு நமக்குக் கேட்பதில்லை. இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. கட்டளை கொண்டுவரும் நான்காவது கம்பி அறுந்துபோனால் விசிறி நின்றுவிடாமல் முழு வேகத்தில் ஓடும். பழுது இரைச்சலாக வெளிப்படுமேயன்றி யந்திரத்தைக் கெடுக்காது.

கருவி வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதற்கண் தூசு துடைக்க வேண்டும். ஆடிக்காற்றில் பறக்கும் செம்மண்ணும், தறிக்கூடத்தின் பஞ்சுத் துகளும் உலோகத் தகடுகளின் இடுக்கில் அடைத்துக் கொண்டால், எத்துணைக் காற்றும் உட்புகாது. விசிறி வீணே விரைந்து சுழலும். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பின், மெல்லிய தூரிகையால் தூசைத் தட்ட வேண்டும். காற்றூதுங் கருவி கொண்டு ஊதினால் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக் கொள்க. பல யந்திரங்களின் இரைச்சல் இவ்வளவிலேயே அடங்கிவிடும்.

அடுத்து, ஒலியின் தன்மையைக் கேட்டறிக. காற்றின் ஓசையானால் வேகக் குறைப்பு பயன்படும். கரகரப்போ தட்டொலியோ ஆனால் தாங்கி தேய்ந்துள்ளது என்று கொள்க. அதற்குப் புது விசிறியே மருந்து. பெட்டி அதிர்வதால் எழும் ஓசையை ரப்பர்த் துண்டுகள் தணிக்கும்.

மூன்றாவதாக, கையிலுள்ளதைப் பயன்படுத்துக. பெரும்பாலான கணிப்பொறிகளின் மதர்போர்டிலேயே விசிறிக் கட்டுப்பாடு அமைந்திருக்கிறது. யந்திரத்தைத் தொடங்கும்போது தோன்றும் பயாஸ் என்னும் அமைப்புப் பக்கத்தில், எந்தச் சூட்டிற்கு எந்த வேகம் என்று குறித்துவிடலாம். சான்றாக 45 டிகிரி வரை 35 பங்கு, 60 டிகிரியில் 55 பங்கு, 70 டிகிரியில் 80 பங்கு, 80 டிகிரியில் முழு வேகம் என அமைக்கலாம். மாற்றத்திற்குச் சில நொடித் தாமதம் வைத்தால், விசிறி ஏறியும் இறங்கியும் செவியை வருத்தாது. இதற்குக் காசு செலவில்லை.

இவ்வளவும் செய்து போதாதபோதே தனிக் கருவியை நாட வேண்டும். அப்பொழுது விசிறியின் முத்திரையில் உள்ள ஆம்பியர் எண்ணைப் பார்க்க வேண்டும். சாதாரண விசிறிக்கு 0.2 ஆம்பியர் அளவே தேவை. வலுவான 120 மில்லிமீட்டர் விசிறியோ 2 ஆம்பியர், அதாவது 24 வாட் வரை இழுக்கக்கூடும். மதர்போர்டின் இணைப்பு முனை பொதுவாக ஓர் ஆம்பியரே தாங்கும். கருவியின் ஒவ்வொரு முனையும் விசிறியின் தேவையைவிடக் கூடுதலாகத் தாங்க வல்லதாக இருத்தல் வேண்டும். ஏனெனில் புறப்படும் கணத்தில் விசிறி மிகுதியாக மின்சாரம் இழுக்கும். சர்வர் யந்திரங்களில் மட்டும் வெளிக்கருவியைப் புகுத்தாதிருத்தலே நலம். அவை தம் விசிறிகளைத் தாமே கண்காணிப்பவை; வேகம் குறைந்தால் பழுதென்று எண்ணி எச்சரிக்கை எழுப்பும். அவற்றை வேறு அறைக்கு மாற்றுவதே தக்க பரிகாரம்.

மின்தடையால் வரும் அபாயம்

நம் பக்கத்திற்கு மிகவும் வேண்டிய எச்சரிக்கை இது. ஓடிக் கொண்டிருக்கும் விசிறி குறைந்த மின்னழுத்தத்திலும் ஓடும். நின்ற விசிறி புறப்படுவதற்கு அதைவிட அதிகம் வேண்டும். திருகு வகைக் கருவியை மிகத் தாழ்வாக வைத்துவிட்டால், காலையில் அமைதியாக ஓடிய விசிறி, மின்தடை நீங்கி யந்திரம் மீண்டும் உயிர்பெறும்போது புறப்படாமலே நின்றுவிடலாம். சத்தமில்லை என்று அனைவரும் மகிழ்ந்திருக்க, உள்ளே சூடு ஏறிக் கொண்டிருக்கும். ஆகவே திருகை எந்நிலையில் வைத்தாலும், யந்திரத்தை முழுதும் அணைத்து மறுபடி தொடங்கிப் பார்த்து, எல்லா விசிறிகளும் புறப்படுகின்றனவா என்று கண்ணால் காண வேண்டும்.

சோதனையை நண்பகலில், அறை மிகச் சூடாயிருக்கும் வேளையில் நடத்துக. வேலை மிகுந்த நிலையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, சில்லின் சூடு 80 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்க்கவும். சில்லை மட்டும் நோக்கி ஹார்ட் டிஸ்கை மறந்துவிடலாகாது. சங்கத்தின் கணக்குகள் பதிந்திருப்பது அதிலேதான். அதன் சூடு 50 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக் கொள்வது நன்று. கிடைத்த எண்களைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த கோடையில் ஒப்பிட உதவும்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்

இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை தூசு துடைத்தல், பங்குனி முடிவதற்குள் சூட்டைச் சோதித்தல், மின்தடைக்குப் பின் விசிறிகளைக் கவனித்தல் ஆகிய மூன்றையும் எழுத்தருள் ஒருவரிடம் ஒப்படைத்து, குழுக் கூட்டத்தில் அறிக்கை கேட்கலாம். அங்கத்தினர்களும் அலுவலகத்தில் தமக்குச் சொல்லப்படுவது காதில் விழவில்லையாயின், தயங்காது மறுமுறை கேட்பதுடன், காரணம் விசிறியின் இரைச்சல் என்றால் அதனைக் குழுவுக்குத் தெரிவிப்பாராக. சங்கத்தின் கணக்கு ஒழுங்காக எழுதப்படுவது எவ்வளவு அவசியமோ, அதனை அங்கத்தினர் தெளிவாகக் கேட்டறிவதும் அவ்வளவு அவசியமேயாகும்.