காக்கிச் சட்டங்கள் – 9: சுரங்க வாசலில் 1861

சென்ற வாரம் 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைப் பார்த்தோம். அதன் 14-ஆம் பிரிவை நெய்வேலி மக்கள் அவசியம் அறிய வேண்டும். ரயில்பாதை, கால்வாய், ஆலை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களின் நடத்தையாலோ, அது பற்றிய அச்சத்தாலோ தேவை ஏற்பட்டால் அங்கே கூடுதல் போலீஸை நிறுத்தலாம். செலவை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. ஆபத்து தொழிலாளியிடமிருந்துதான் வரும் என்று அந்தச் சட்டம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. ஆட்சி மாறியிருந்தது. ஆனால் இங்கே காவலுக்கு வந்த படையின் சட்டம் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டது.

நெய்வேலிச் சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தைக் காக்கும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை (சி.ஐ.எஸ்.எஃப்.), 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. ராஞ்சி கனரகப் பொறியியல் நிறுவனத் தீவிபத்து பற்றிய நீதிபதி முகர்ஜியின் அறிக்கையே அதற்குத் தூண்டுதல். நோக்கம் புதிது, விதிகள் பழையவை. காவலர் எந்நேரமும் பணியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்பது 1861, 1968 சட்டங்கள் இரண்டிலும் உண்டு. தண்டனையாகக் கூடுதல் டிரில், கூடுதல் காவல் என்பதும் அப்படியே. கடமை தவறினால் 1861-இல் 3 மாதம் வரை சிறை, இன்றைய சி.ஐ.எஸ்.எஃப். சட்டத்தில் ஓராண்டு வரை. காவலர்மீது வழக்குத் தொடுப்பவர் 3 மாதத்துக்குள், ஒரு மாத முன்னறிவிப்புடன் வர வேண்டும் என்ற பிரிவும் இரண்டிலும் இருக்கிறது. மேலதிகாரிக்குக் காவலர் முழுதும் கட்டுப்பட்டவர். வெளியாள் அவரைக் கேள்வி கேட்கும் வழியோ மிகக் குறுகியது.

மின்சாரம் தரும் சுரங்கத்துக்குக் கண்டிப்பான படை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். நாசவேலை அச்சம் பொய்யன்று. ஆனால் கண்டிப்பு மட்டும் படையைச் சீராக்கிவிடாது. 1979-இல் சங்க அங்கீகாரம் கேட்டுச் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் போராடியபோது பொகாரோவில் ராணுவம் இறக்கப்பட்டது, உயிர்கள் போயின. விசாரணையின்றி வேலையிழந்தவர்களின் பதவிநீக்கத்தை 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இடையில், 1983-இல், அப்படை ஒன்றியத்தின் ஆயுதப்படையாக்கப்பட்டது. குறைகேட்கும் வழி திறக்கவில்லை, பிடிதான் இறுகியது. தன் குறையைச் சொல்ல இடமில்லாத காவலர் பிறர் குறையை நிதானமாகக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 2014 மார்ச் 17 அன்று சுரங்கம்-2 அருகே சி.ஐ.எஸ்.எஃப். வீரர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இறந்தார். இத்தகைய வழக்கில் நீதிமன்றம் ஒருவரின் குற்றத்தைத் தீர்மானிக்கும். வாசலில் நாள்தோறும் மூளும் உரசலைக் கேட்டறிவது அதன் வேலையன்று. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன புகார் ஆணையங்களும் மாநிலப் போலீஸுக்கானவை. ஆகவே, ஒப்பந்தத் தொழிலாளியும் நிலமிழந்த கிராமத்தாரும் காவலரும் நேரில் முறையிடக்கூடிய, நிர்வாகத்துக்கும் படைக்கும் கட்டுப்படாத விசாரணை அமைப்பு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். காவலர்மீது வழக்குத் தொடுப்பதற்கான அந்த 3 மாத வரம்பும் நீக்கப்பட வேண்டும்.

(தொடரும்)