பறிக்கும் முன் பார்த்தறிவோம்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடும் ஒரு கிராமம். மகளிர் குழுக் கூட்டம் முடிந்து வாய்க்கால் கரையால் நடந்துகொண்டிருந்தோம். ஓர் இளம் தாய் குனிந்து ஒரு பிடி இலை பறித்தார். "பொன்னாங்காணி, இரவுக்கு வறை வைக்கலாம்" என்றார். கூட வந்த ஆச்சி அதை வாங்கிப் பார்த்தார். "பிள்ளை, இது அது இல்லை. பூவைப் பார்" என்றார்.

அந்தத் தாய்க்கு 2009 இல் 12 வயது. "இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம் கீரை காட்டித்தர ஆர் இருந்தது, ஆச்சி?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வரவேண்டிய அறிவும் போரில் அறுந்த ஒன்றுதான். அதை மீண்டும் பெறுவது எம்மால் முடிந்த காரியம்.

பொன்னாங்காணியில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். சிறிய வெள்ளைப் பூக்கொத்து காம்பில்லாமல் கணுவிலேயே ஒட்டியிருக்கும். அதைப்போலவே தோன்றும் அலிகேட்டர் களையின் பூ, நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். அழுக்கு நீரிலுள்ள உலோக நஞ்சுகளை அது உறிஞ்சி வைத்திருக்கக்கூடும். அவுஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் இதனைப் பொன்னாங்காணி என்று நம்பி வீட்டுத் தோட்டங்களில் வளர்த்தமை 1990களில் தெரியவந்தது. ஊர்க் கீரையைத் தேடியவர்களே அங்கும் ஏமாந்தார்கள்.

வல்லாரை ஈர நிலத்தில் படர்ந்து, கணுக்கள்தோறும் வேர்விடும். இலை சிறுநீரக வடிவம். காம்பு சேரும் இடத்தில் பிளவும், ஓரத்தில் சிறு பற்களும் இருக்கும். முடக்கொத்தான் வேலியில் பற்றி ஏறும் கொடி. அதன் காய் காற்றடைத்த சிறு பை போலிருக்கும்; கறுத்த விதையில் இதய வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். தூதுவளையில் முள்ளும் ஊதாப் பூவும் உண்டு. காய் பழுத்தால் சிவக்கும்.

விலக்க வேண்டியவையும் உள்ளன. ஊமத்தையின் பூ நீண்ட புனல் போன்றது, காய் முள் நிறைந்தது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. வீதியோரங்களில் கரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூக்களும் கொண்டு நிற்பது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் தரும். வெறுங்கையால் பிடுங்க வேண்டாம். பிள்ளைகள் பூப்பறித்து விளையாடவும் விடாதீர்கள்.

செடியைப் போலவே இடத்தையும் பார்க்க வேண்டும். வன்னியின் சில பகுதிகளில் கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பழக்கமில்லாத பற்றைக்குள்ளும் இறங்க வேண்டாம். களைநாசினி விசிறிய வரம்பையும், வாகனப் புகையும் தூசியும் படியும் பெருவீதி ஓரத்தையும் தவிர்த்து விடுங்கள். சந்தேகம் இருந்தால் பறிக்காமல் விடுவதே புத்தி.

இரத்தச்சோகை எமது பெண்கள் பலரை வாட்டுகிறது. கீரையில் இரும்புச்சத்து உண்டு. வறையை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் அச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். ஆனால் கடும் சோர்வும் களைப்பும் இருந்தால் கீரையை மட்டும் நம்பியிராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டுக் கிணற்றடியில் வல்லாரைத் துண்டு ஒன்றை நட்டாலே படர்ந்துவிடும். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவதைப் பிடி கட்டி விற்கலாம், இலைக்கஞ்சியாகவும் காய்ச்சி விற்கலாம். தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அந்தச் சிறு வருமானமும் ஒரு கைத்துணை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்த இளம் தாய் தன் மகளையும் கூட்டி வந்தார். சிறுமியின் கையில் ஒரு பிடி கீரை.

"ஆச்சி, இண்டைக்குப் பூவோடை கொண்டு வந்திருக்கிறம். பாருங்கோ" என்றார் தாய்.

ஆச்சி கணுவைத் திருப்பிப் பார்த்தார். பூ காம்பில்லாமல் ஒட்டியிருந்தது.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஓர் ஆச்சி இருப்பார். அவர் இருக்கும்போதே ஒருநாள் அவரோடு நடந்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.