தொடாமலே இழுக்கும் விசை: வளைந்த பரப்புக்கு விஞ்ஞானிகள் கணக்கு போடுவது எப்படி?

வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக அருகில் வைத்தால், மின்சாரமோ காந்தமோ இல்லாமலே அவை ஒன்றையொன்று இழுக்கும். நெதர்லாந்து இயற்பியலாளர் ஹென்ட்ரிக் காசிமிர் 1948-ல் இதைக் கணித்தார். குவாண்டம் விதிப்படி வெற்றிடம் முழு வெறுமை இல்லை என்பதுதான் காரணம்.

எவ்வளவு விசை?

இடைவெளி ஒரு மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடி தடிமனில் சுமார் நூறில் ஒரு பங்கு என்றால், அழுத்தம் மிகமிகக் குறைவு. ஆனால் இடைவெளி பாதியானால் அழுத்தம் 16 மடங்காகும். குறையே இல்லாத உலோகம் என்று வைத்துக்கொண்டால், 10 நானோமீட்டரில் அது காற்றழுத்தத்தையே மிஞ்சிவிடும்!

நமக்கு என்ன?

செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புதே, அந்த சென்சாருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி மைக்ரோமீட்டர் கணக்கில்தான். இன்னும் சிறிதாக்கினால் பாகங்கள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே விசையை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

சிக்கல் எங்கே?

காசிமிரின் சூத்திரம் இணையான தட்டைத் தகடுகளுக்கானது. வளைந்த பரப்புக்குத் துல்லியக் கணக்கு மிகவும் கடினம். இங்கே கைகொடுப்பது சோவியத் விஞ்ஞானி போரிஸ் டெர்யாகின் 1934-லேயே தந்த தோராய முறை.

நேரான செங்கல்லை வைத்தே வட்டக் கிணறு கட்டுறாங்க இல்லையா? அதே மாதிரிதான். வளைந்த பரப்பைக் குட்டிக் குட்டித் தட்டைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் எதிரே உள்ள பரப்பை இழுக்கும் விசையைத் தட்டைத் தகடு சூத்திரத்தில் போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் விடை ரெடி.

1997-ல் அமெரிக்காவின் ஸ்டீவ் லாமரோ இந்த விசையை அளந்தபோது, தட்டைத் தகட்டுக்கு எதிரே கோள வடிவ லென்ஸைத்தான் வைத்தார். இரண்டு தகடுகளைத் துளியும் சாயாமல் இணையாக நிறுத்துவது அவ்வளவு கஷ்டம். அளவீட்டைக் கோட்பாட்டோடு ஒப்பிட உதவியது டெர்யாகின் முறை.

எப்போது நம்பலாம்?

கோளத்தின் ஆரத்தில் நூறில் ஒரு பங்குதான் இடைவெளி என்றால், பிழை சுமார் ஒரு சதவீதம்தான். இடைவெளி கூடக்கூட பிழையும் கூடும். காரணம், இந்த விசை துண்டு துண்டாகக் கூட்டிவிடக் கூடியது அல்ல. முழு வடிவத்தையும் பொறுத்தது.

கூர்முனை, துளை என்றால் முறை காலை வாரிவிடும். துளையிட்ட தகட்டுக்கு மேலே ஊசி போன்ற உலோகத் துகளை வைத்தால் சில இடங்களில் அது விலக்கித் தள்ளப்படும் என்று 2010-ல் வெளியான ஆய்வுக் கணக்கு காட்டியது. தோராய முறையைக் கேட்டால், இழுக்கும் என்றுதான் சொல்லும்.

அதனால்தான் முதல் மதிப்பீட்டுக்குத் தோராய முறை, சிக்கலான வடிவங்களுக்குக் கம்ப்யூட்டரில் முழுக் கணக்கு.