என் தாயார் இழந்த நான்கு ஆடுகள்

கமுதிப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். எனக்கு ஏழு வயதாகும்போது தந்தையார் காலமானார். மிஞ்சியது ஒன்றரை ஏக்கர் கரிசலும் இரண்டு பெட்டை வெள்ளாடுகளும்தான். மழை பெய்தால் மிளகாய். பொய்த்தால் கூலி வேலை. ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சமயம் ஒரு குட்டி சந்தைக்குப் போகும். எனக்குச் சட்டையும் நோட்டுகளும் வரும்.

1985-ல் நான் பத்தாம் வகுப்பு. அந்த ஐப்பசியில் நல்ல மழை. தரிசெல்லாம் பசும்புல். என்னை டவுனில் பிளஸ் 1 சேர்ப்பதற்கென்று ஆத்தா விற்காமல் வைத்திருந்த நான்கு கொழுத்த குட்டிகளும் மூன்றே நாளில் துள்ளி விழுந்து செத்தன. மாலையில் வயிறு நிறைய மேய்ந்து வந்த குட்டி காலையில் விறைத்துக் கிடந்தது. கண்ணேறு என்றது ஊர்.

தை பிறந்ததும் ஆத்தா கரிமூட்டத்துக்குப் போனார். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் மூடித் தீ வைத்து, நாள் கணக்கில் புகையில் நிற்கும் வேலை. முள் தைத்த கால் சீழ் பிடித்த நாளிலும் போனார். 1986 ஜூனில் விடுதிக்குக் கட்டிய நோட்டுகளில் கரி அப்பியிருந்தது. எழுத்தர் ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணினார்.

வேளாண்மைக் கல்லூரியில் கால்நடைப் பாடமும் உண்டு. அங்கேதான் எங்கள் குட்டிகளைக் கொன்றது துள்ளுமாரி என்று அறிந்தேன். இதற்கான நுண்கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் சிறிதளவு இருக்கும். வறட்சிக்குப் பின் இளம்புல்லை முட்ட மேய்ந்தாலோ, தானியத்தை அதிகம் தின்றாலோ அது பெருகி நஞ்சு உண்டாகும். ஆகவேதான் நன்றாக மேயும் கொழுத்த குட்டியே முதலில் போகும். மழைக்கு முன் ஒரு தடுப்பூசி போட்டிருந்தால் தப்பியிருக்கும்.

விடுமுறையில் ஆத்தாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊசி எம்புட்டுத் தம்பி?" என்றார்.

"நாலு குட்டிக்கும் சேத்து ஒன் ஒரு நாள் கூலிகூட ஆகாது ஆத்தா."

"அப்ப யாராச்சும் வந்து சொல்லியிருக்கலாம்ல?"

ஆராய்ச்சிப் பிரிவில் இடம் கிடைத்தும் நான் விரிவாக்கப் பணியைக் கேட்டு வாங்கியது அந்த ஒரு கேள்வியால்தான். முதல் சம்பளத்தில் சேலை வாங்கிக் கொடுத்தேன். பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆடு வாங்கித் தரச் சொன்னார். நான்கு வாங்கினோம்.

விவசாய நண்பர்கள் மழை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்துத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாத வயதில் முதல் ஊசி. இரண்டு, மூன்று வாரம் கழித்து மறு ஊசி. பிறகு ஆண்டுக்கொரு முறை. தாய் ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு உண்டு. புதுப்புல் முளைத்ததும் ஒரேயடியாக அவிழ்த்து விடாதீர்கள். சோளத்தட்டையோ கடலைக்கொடியோ தின்னக் கொடுத்து, பனி உலர்ந்த பின் சிறிது நேரம் மட்டும் மேய விடுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால், ஊர் ஆடுகள் அனைத்துக்கும் ஒரே நாளில் போட்டுவிடலாம்.

எங்கள் ஊரில் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவரை நான் அழைத்துப் போகிறேன். ஆடுகளைப் பிடித்துத் தருவது ஆத்தா பொறுப்பு. வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு, சினை கலைந்துவிடும் என்று பயந்து ஒரு பெண் தன் ஆறு ஆடுகளையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டார். ஆத்தா கம்பை ஊன்றிக்கொண்டு போய் அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் பெட்டியை மூடும் நேரத்தில் ஆறு ஆடுகளும் வந்து சேர்ந்தன.