உருளைப்புழுவின் நரம்பு நொதிகளும் மரபணுத் திரிபுகளும்

ஒரு மரபணு கெட்டவிடத்தும் உடலில் கேடு தோன்றாதாயின், அம்மரபணு பயனற்றது எனக் கொள்ளலாமோ? இவ்வினாவிற்கு விடை காண்டற்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நீளும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு பெரிதும் துணைசெய்கின்றது. இதனை மரபியலாய்வுக்குரிய உயிராக நிலைநாட்டியது சிட்னி பிரென்னர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும்.

இருபாலியாகிய இப்புழுவின் நரம்பணுக்கள் 302. அவற்றுட் பல, தசையை ஏவுதற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனை ஆக்கும் நொதி வேறு; ஏவல் முடிந்தவுடன் அதனைச் சிதைக்கும் நொதி வேறு. சிதைவு நிகழாவிடின் தசை சுருங்கியபடியே நின்றுவிடும். (நரம்பில் நொதிப்பது யாதுமில்லையே எனின், மேலைநாட்டார் இட்ட பெயரும் கிரேக்கத்தில் 'புளிமாவினுள்' எனப் பொருள்படுவதே, பெயர் ஊன்றிவிட்டது.)

புணர்ச்சியில் எழுத்துத் தோன்றலும் திரிதலும் கெடுதலும் உண்டென்பர் இலக்கணநூலார். மரபணுவின் எழுத்துகளிலும் இம்மூன்றும் நிகழ்வன. பிரென்னர் கையாண்ட எத்தில் மீத்தேன்சல்ஃபோனேட் பெரிதும் ஓரெழுத்து மற்றோரெழுத்தாகத் திரிதலையே விளைவிப்பது. ஆதலின் அனைத்தையும் திரிபு என்றே ஈண்டு வழங்குகின்றோம்.

சிதைக்கும் நொதியை முதலில் நோக்குவோம். ஏஸ்-1, ஏஸ்-2 என்னும் மரபணுக்களின் திரிபுகள் 1981இல் விளக்கப்பெற்றன. இவற்றுள் ஒன்று மட்டும் கெட்ட புழு ஏனைப் புழுக்களைப் போலவே ஊர்ந்து திரிந்தது. இரண்டும் கெட்டதோ இயக்கம் ஒருங்கிணையாது தடுமாறிற்று. 1988இல் ஏஸ்-3 என்னும் மூன்றாவது மரபணு அறியப்பட்டது. மூன்றும் கெட்டவை கருவளர்ச்சி முற்றியும் அசைவற்று, மேலும் வளராது மடிந்தன. எனவே, கேடு தோன்றாமைக்குக் காரணம் மரபணுவின் பயனின்மையன்று. ஒன்றன் பணியைப் பிறிதொன்று தாங்கியமையே.

ஆக்கும் நொதிக்குரிய சா-1 மரபணுவின் நிலை வேறு. அதனை முற்றும் இழந்த புழு வாழ்வதில்லை. ஓரளவே இழந்தது சிறுத்து, மெல்ல வளர்ந்து, துடித்துத் துடித்து நகரும். எனினும் ஆல்டிகார்ப் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த தட்டில் நற்புழுக்கள் முடங்கி மாய, இக்குறையுடைய புழு பிழைத்திருக்கின்றது! அந்நஞ்சு சிதைக்கும் நொதியைத் தடுத்து அசிட்டைல்கோலினைப் பெருகச் செய்வது. குறைவாக ஆக்கும் புழுவில் அப்பெருக்கம் எல்லை மீறுவதில்லை. இதனால், இத்தகைய திரிபுகளைத் தேடுவார்க்கு நஞ்சே உரைகல்லாயிற்று.

இத்தேர்வில் பிழைத்தவற்றுள் அங்க்-17 என்னும் மரபணு திரிந்தனவும் உள. ஆக்கிய அசிட்டைல்கோலினை நுண்பைகளில் ஏற்றுவது அம்மரபணுவின் புரதம். வியப்பென்னையெனின், அங்க்-17 தனித்து நிற்பதன்று. சா-1 மரபணுவின் முதல் இடைத்துண்டினுள்ளேயே அது பொதிந்து கிடக்கின்றது. பழ ஈயிலும் பாலூட்டிகளிலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது.